சாரலே வீடாகக் கொண்ட தேரை

தான்சானியா நாட்டின் கிஹான்சி பள்ளத்தாக்கில், ஒரே ஓர் ஆற்றின் அருவிச் சாரலில் மட்டும் வாழ்ந்து, காட்டிலிருந்து அடியோடு மறைந்து, பிறகு மனிதர் கையால் மீண்டும் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட சிறு தேரையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: உலகம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, ஓர் உயிரினம் ஒரே ஓர் இடத்து அருவிச் சாரலில் மட்டும் வாழ்கிறது என்பதை எப்படி நம்புவது? நூறடி தள்ளிப்போய் வாழ அதற்கு என்ன தடை?

பதில்: தடை அதன் தோலில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மிகப் பழைய மலைகளின் தொடர் ஒன்று உண்டு. அதன் தென்பகுதியில் உள்ள உட்சுங்வா மலையின் விளிம்பிலிருந்து, கீழே விரிந்து கிடக்கும் கிலோம்பேரோ சமவெளியை நோக்கிக் கிஹான்சி ஆறு இறங்குகிறது. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தை இழந்து, அடுக்கடுக்கான அருவிகளாக அது விழுகிறது. இத்தொடரின் மலைகள் நெடுங்காலமாக ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, சுற்றிலும் வறண்ட நிலம் சூழ, காட்டுத் தீவுகளைப்போல் நின்றவை. ஆகவே, ஒரு மலையில் உள்ள செடியும் பூச்சியும் தவளையும் அடுத்த மலையில் இல்லாமற்போவது அங்கே புதுமையன்று. இந்தப் பள்ளத்தாக்கிலேயே, இதன் பெயரைத் தாங்கிய காட்டுக் காப்பிச்செடி ஒன்றும் கண்டறியப்பட்டிருக்கிறது.

இனி, சாரல். உயரத்திலிருந்து விழும் நீர் பாறையில் மோதித் திவலைகளாக உடைகிறது. அதோடு, விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று அடிவாரத்தில் போக வழியில்லாமல் பக்கவாட்டில் பீறிட்டு, எதிரேயுள்ள சரிவுகளின்மேல் திவலைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. மழைக்காலம், கோடைக்காலம் என்னும் வேறுபாடு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. ஆறு ஓடும்வரை இரவும் பகலும் சரிவு நனைந்துகொண்டே இருக்கும். இவ்வாறு ஓயாமல் நனைந்த சரிவில் பெருமரங்கள் வேர்கொள்ளவில்லை. புல்லும் பாசியும், பாசிபோல் தரையோடு படரும் செலாஜினெல்லா என்னும் செடியும் சேர்ந்து, காட்டின் நடுவே ஈரமான பசும்புல்வெளிகளை உண்டாக்கின. அத்தகைய சில திட்டுகள் எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர்தான். நம் கணக்கில் ஐந்து ஏக்கர். இந்த ஐந்து ஏக்கருக்குள் நல்ல காலத்தில் பதினேழாயிரம் முதல் இருபதாயிரம் தேரைகள்வரை வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தவளையும் தேரையும் வாயால் நீர் குடிப்பதில்லை. தோலின் வழியே ஈர்த்துக்கொள்கின்றன. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியேதான் நடக்கிறது. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போவதால், நீரை இழக்கும் வேகமும் கூடுகிறது. கிஹான்சி தேரையின் பெண் மூன்று சென்டிமீட்டரை எட்டுவதில்லை. ஆண் இரண்டு சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. ஈரம் ஒரு நாளும் குறையாத, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடத்திலேயே எண்ணிறந்த தலைமுறைகளைக் கழித்த உடல் அது. நீங்கள் சொல்லும் நூறடி தூரத்தில் உள்ள காடு மழைக்காலத்தில் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் மழை நின்ற மாதங்களில் அங்கே இலைச்சருகு காய்ந்துவிடும். அந்தப் பகுதியின் வேறு அருவிகளிலும் தேடிப் பார்த்தார்கள், எங்கும் கிடைக்கவில்லை.

கேள்வி: இதைச் சிலர் தவளை என்றும் சிலர் தேரை என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: தேரை என்பதே சரி. உலகெங்கும் உள்ள மெய்யான தேரைகள் அடங்கிய குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. ஆனால் நாம் அறிந்த தேரையின் சொரசொரப்பான, மண்நிறத் தோற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. உடல் பொன்மஞ்சள், இரு விலாவிலும் பழுப்புநிறக் கோடு ஓடும், வயிற்றுத் தோல் கண்ணாடிபோல் மெல்லியது. வெளிச்செவியாக நாம் காணும் வட்டச் சவ்வு இதற்குக் கிடையாது. அறிவியல் பெயரின் பிற்பகுதியான ‘அஸ்பெர்ஜினிஸ்’ என்பது சாரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயரிட்டவர்கள் வீட்டையே பெயராக வைத்துவிட்டார்கள்.

கேள்வி: சரிவில் தேங்கிய நீரே இல்லையென்றால், முட்டையை எங்கே இடும்? தலைப்பிரட்டை எங்கே நீந்தும்?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியவர் பள்ளி மாணவர் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பாடத்தில் படித்ததை வைத்துச் சரியான இடத்தில் ஐயப்பட்டிருக்கிறார்.

இந்தத் தேரை முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. தவளை, தேரை இனங்களில் ஆயிரக்கணக்கானவை நீரில் முட்டையிட்டு, தலைப்பிரட்டையாக நீந்தி, வால் சுருங்கிக் கரையேறுகின்றன. உயிருள்ள குட்டியை ஈனுபவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றில், தான்சானிய மலைகளுக்கே உரிய ஒரு தேரைப் பேரினம் முதன்மையானது. கிஹான்சி தேரை அதன் ஓர் உறுப்பு. கருவுறுதல் தாயின் உடலுக்குள் நடக்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் முழுவதையும் குஞ்சு அங்கேயே முடித்துக்கொள்கிறது. தாய்க்கு நாள் நெருங்கும்போது, அந்த மெல்லிய வயிற்றுத் தோலின் வழியே உள்ளே சுருண்டிருக்கும் குட்டிகளைக் கருநிழல்களாகப் பார்க்க முடியும். ஒரு பேற்றில் ஐந்து முதல் பதினாறு குட்டிகள்வரை பிறக்கலாம். பிறக்கும் குட்டி ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். அரிசிமணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து, அதற்கு நான்கு கால்களும் இரண்டு கண்களும் இருப்பதாகவும், அது அந்த நொடியே தத்தித் தன் இரையைத் தானே பிடிக்கக் கிளம்புவதாகவும் எண்ணிப் பாருங்கள்.

குளமே வேண்டாத இந்த ஏற்பாடு சரிவான நிலத்துக்கு எவ்வளவு பொருந்துகிறதோ, அவ்வளவுக்குச் சாரலை இன்றியமையாததாகவும் ஆக்கிவிடுகிறது. குளத்தில் வளரும் தலைப்பிரட்டைக்கு நீர் சூழ்ந்த ஒரு பருவமாவது உண்டு. இந்தக் குட்டிக்குப் பிறந்த கணத்திலிருந்தே காற்றில் உள்ள ஈரம்தான் காப்பு; அதைக் கொல்ல அரைநாள் வெயில் போதும்.

கேள்வி: அணை கட்டியதால்தான் அழிந்தது என்று ஓரிடத்திலும், பூஞ்சை நோயால் அழிந்தது என்று வேறோரிடத்திலும் படித்தேன். உண்மையான காரணம் எது?

பதில்: இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் அது விளங்கும்.

மின்பற்றாக்குறையால் தவித்த தான்சானியா, 1990களில் உலக வங்கி முதலானோரின் கடனுதவியோடு கிஹான்சி நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. அணை பெரிதன்று, 25 மீட்டர் உயரம்தான். ஆனால் அருவிகள் விழத் தொடங்கும் இடத்துக்கு மேலேயே ஆற்றை மறித்து, மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே நீரைக் கீழே உள்ள மின்நிலையத்துக்குக் கொண்டுபோயிற்று. 180 மெகாவாட் மின்சாரத்துக்காக எந்தச் செங்குத்தான வீழ்ச்சி பயன்பட்டதோ, அதே வீழ்ச்சிதான் சாரலையும் உண்டாக்கிவந்தது. இரண்டுக்கும் ஒரே நீர். ஒரு வழியில் போனால் மறுவழியில் இல்லை.

தேரை கண்டறியப்பட்டது 1996-இல். அப்போது கட்டுமான வேலைகள் தொடங்கி நடந்துகொண்டிருந்தன. என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்று நுணுகிப் பார்க்கும் ஆய்வு, பணம் ஒதுக்கி, ஒப்பந்தம் போட்டு, பாறையைக் குடையத் தொடங்கிய பிறகு நடந்தது. ஆய்வாளர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அவர்களை அங்கே அனுப்பிய காலம்தான் தவறு. சில ஆண்டுகள் முன்னதாக அவர்கள் போயிருந்தால், நீரில் எத்தனை பங்கை அருவிக்கு விடுவது என்பது வரைபடத்திலேயே முடிவாகியிருக்கும்.

புத்தாயிரம் பிறந்த வேளையில் மின்நிலையம் முழுமையாக இயங்கத் தொடங்கியபோது, அருவிக்கு வந்த நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு திருப்பிவிடப்பட்டது. நொடிக்குச் சராசரியாக 16 கன மீட்டர் ஓடிய ஆற்றில் இரண்டு கன மீட்டருக்கும் குறைவாகவே மிஞ்சியது. காற்று ஓய்ந்தது, திவலை சரிவுக்கு எட்டவில்லை, பசும்புல்வெளிகள் ஓரங்களிலிருந்து காய்ந்து சுருங்கின, ஈரம் விரும்பும் செடிகள் இருந்த இடத்தில் களைகள் புகுந்தன. இதைக் கண்டு பதறி, 2000, 2001-ஆம் ஆண்டுகளில் சரிவுகளின் மேல் குழாய் பதித்து, மேட்டிலிருந்து தானாக இறங்கும் நீரைக் கொண்டு இயங்கும் செயற்கைத் தூவான்களை அமைத்தார்கள். அது ஓரளவு பலித்தது என்றே சொல்ல வேண்டும். இடையில் குறைந்த தேரைகளின் எண்ணிக்கை 2003 ஜூன் கணக்கெடுப்பில் மீண்டும் இருபதாயிரத்தை ஒட்டி ஏறியிருந்தது.

பிறகு வந்த சில மாதங்களில் எல்லாம் தலைகீழாயிற்று. 2004 ஜனவரியில் போய்ப் பார்த்தவர்களின் கண்ணுக்குத் தென்பட்டவை மூன்றே தேரைகள். அவற்றைத் தவிர இரண்டு ஆண் தேரைகளின் குரல் மட்டும் கேட்டது. இறந்துகிடந்த தேரைகளின் தோலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை இருந்தது தெரியவந்தது. தவளையினங்களை உலகின் பல பகுதிகளில் வாரிக்கொண்டுபோன நோய் அது. தோலைத் தடிக்கச் செய்து, அதன் வழியே நடக்கும் உப்பு, நீர்ப் பரிமாற்றத்தைக் குலைத்து, இறுதியில் இதயத்தை நிறுத்திவிடும். அதே காலத்தையொட்டி, அணையில் படிந்த வண்டல் திறந்துவிடப்பட்டதும், மேட்டு வயல்களில் தெளித்த பூச்சிமருந்து அதில் கலந்து வந்திருக்கலாம் என்பதும், தூவான்கள் சிறிது காலம் சரிவர இயங்காததும் பேசப்பட்டன.

என் கருத்து இது: இறுதி அடியைக் கொடுத்தது பூஞ்சைதான், ஆனால் நீரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்து, குழாய்நீரை நம்பி, தன் பழைய புல்வெளியின் எச்சத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த கூட்டத்தின்மேல் அந்த அடி விழுந்தது. ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது நம் பழமொழி. நுணல் என்றால் தேரை. கிஹான்சியின் நுணல் தன் வாயால் கெடவில்லை. எஞ்சியவை எத்தனை என்று அறிய ஆய்வாளர்கள் நம்பிக் காத்திருந்தது அதன் குரலைத்தான்.

கேள்வி: விரல்நகம் அளவுள்ள ஒரு தேரைக்காக ஏழை நாடு ஒன்றின் மின்சாரத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமா? விளக்கில்லாத வீட்டுப் பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுவது?

பதில்: கடுமையாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். கிஹான்சி மின்நிலையம் தான்சானியாவுக்குப் பெரும் பலமாக இருந்துவருகிறது. வெளிநாட்டில் விளக்கடியில் உட்கார்ந்துகொண்டு அணையை உடையுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை; நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் கேள்வியைத் தேரையா, பிள்ளையா என்று அமைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே உண்மையில் தீர்மானிக்க வேண்டியிருந்தது, நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீரை அருவிக்கு விடுவது என்பது. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் திட்டம் தீட்டும்போதே கணக்கில் சேர்த்திருந்தால், கடன் கொடுத்தவர்களும் அதில் பங்கேற்றிருக்க வேண்டியிருக்கும். பின்னால் கண்டறிந்ததால், குழாய் பதித்தல், விமானத்தில் ஏற்றுதல், கடல்கடந்து வளர்த்தல், திரும்பக் கொண்டுவருதல் என்று பல ஆண்டுகளுக்குச் செலவு நீண்டது. அருவிக்கு ஒரு பங்கு நீரைச் சட்டப்படி ஒதுக்கும் ஏற்பாடும் பிறகு வந்தது. முன்யோசனை ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்று எண்ணுகிறோம். கிஹான்சியில் முன்யோசனை இல்லாமையே ஆடம்பரமாக முடிந்தது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். யானைக்காக இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு எளிதாகக் கேட்பதில்லை. ஓர் இனம் முற்றிலும் போய்விட்டால், அது விரல்நகம் அளவாக இருந்தாலும் திரும்பி வராது. கோஸ்டா ரிகா நாட்டின் மோன்டேவெர்டே முகில்காட்டில் வாழ்ந்த பொன்தேரையைக் கடைசியாகக் கண்டது 1989-இல். அதற்குப் பிறகு அதற்காக எவ்வளவு பணம் தர முன்வந்தாலும் வாங்கிக்கொள்ள ஒரு தேரைகூட இல்லை.

கேள்வி: காட்டில் முற்றிலும் மறைந்தது என்கிறீர்கள், பிறகு திரும்ப விட்டதாகவும் சொல்கிறீர்கள். விட்ட தேரைகள் எங்கிருந்து வந்தன?

பதில்: சாரல் குறையத் தொடங்கியதுமே, 2000-ஆம் ஆண்டின் இறுதியில், 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நியூயார்க்கில் உள்ள பிராங்க்ஸ் விலங்குக்காட்சியகமும் வேறு சில காட்சியகங்களும் அவற்றைப் பகிர்ந்துகொண்டன. இந்தத் தேரையை அதற்கு முன் யாரும் வளர்த்ததில்லை. அதற்கு என்ன வெளிச்சம் வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும், எதைத் தின்னும் என்று ஒன்றொன்றாகத் தவறு செய்துதான் கற்க வேண்டியிருந்தது. நுரையீரல் புழுவாலும் சத்துக் குறைவாலும் அவை மடிந்தன. ஒரு கட்டத்தில் மொத்த எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. காட்டில் இருந்தவையும் அதே காலத்தில் மறைந்துவிட்டதால், அந்தக் கண்ணாடித் தொட்டிகளில் இருந்தவைதான் உலகத்தில் எஞ்சிய கிஹான்சி தேரைகள் அத்தனையும்.

பிராங்க்ஸிலும் ஒஹாயோ மாநிலத்து டொலீடோவிலும் உள்ள பராமரிப்பாளர்கள் விடவில்லை. வடிகட்டிய நீரை நாளுக்குப் பலமுறை தானாகத் தூவும் அமைப்பு, வெயிலில் உள்ள புற ஊதாக்கதிரைத் தரும் விளக்கு, அரிசிமணி அளவுள்ள குட்டியின் வாய்க்கு ஏற்ற நுண்ணிய பூச்சிகள், வெளிக்கிருமி நுழையாத தனி அறை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறி, ஆயிரங்களைத் தொட்டது. இதற்கிடையே 2009-இல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இத்தேரையைக் ‘காட்டில் அற்றுப்போனது’ என்னும் வகையில் சேர்த்தது.

2010 ஆகஸ்டில் நூறு தேரைகள் விமானம் ஏறித் தாய்நாடு திரும்பின. டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்காக வளர்ப்பகம் அமைக்கப்பட்டிருந்தது. தான்சானியர்களே அவற்றை வளர்க்கப் பயிற்சி பெற்றிருந்தார்கள். 2012-இல் முதலில் 48 தேரைகளைப் பள்ளத்தாக்கில் சோதனையாக விட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் தேரைகள் சரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட நீர்நில வாழ்வி ஒன்று தன் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவரப்பட்டது அதுவே முதல்முறை என்று அதில் ஈடுபட்டவர்கள் தெரிவித்தார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது, எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே விழுந்த அந்த ஆண்டுகளில், இனி முடியாது என்று கைவிட எல்லாக் காரணங்களும் இருந்தபோது, தினமும் காலையில் வந்து தொட்டியைத் துடைத்து, குட்டிகளை எண்ணி எழுதிவைத்த உழைப்புதான்.

கேள்வி: அப்படியானால் இப்போது தேரை பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாமா?

பதில்: இன்னும் சொல்ல முடியாது. பூஞ்சை காட்டிலிருந்து போய்விடவில்லை. அதோடு சேர்ந்து வாழத் தேரை கற்க வேண்டியிருக்கிறது. காலணியில் ஒட்டிய சேற்றோடு கிருமி உள்ளே போய்விடக்கூடும் என்பதால், அங்கே செல்பவர்கள் கிருமிநீக்கம் செய்துகொண்டே போக வேண்டும். புல்வெளி மிதிபடாமலிருக்க நடைபாலம் போட்டிருக்கிறார்கள்.

சாரலுக்கு இப்போதும் குழாய்தான் ஆதாரம். அருவி தன் நீரையும் காற்றையும் சேர்த்தே தந்தது; தூவான் நீரை மட்டும் தருகிறது. நீர் பீறிடும் அதன் நுண்துளைகளில் மணலும் பாசியும் அடைத்துக்கொள்ளும். ஒரு வரிசை அடைபட்டால் அதன் கீழே உள்ள சரிவு அன்றே காயத் தொடங்கும். ஆகவே யாராவது ஒருவர் அந்தச் செங்குத்தான பள்ளத்தாக்கில் ஏறி இறங்கி, ஒவ்வொரு துளையாகக் கழற்றி, ஊதிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்ட வேண்டியிருக்கிறது. மின்நிலையம் ஓடும்வரை இந்த வேலையும் ஓடியாக வேண்டும்.